வீமன் கழுத்துச் சிவப்புத் துணி

"ஊசி போட்டுப் பட்டி கட்டின நாய்தானே அப்பு? பிறகேன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

பக்கத்து வளவிலிருந்து ஓடிவந்த றஜனி கிழவர் மயில்வாகனத்திடம் கேட்டாள். அவருடைய நாய் வீமன் வேலியோரம் படுத்திருந்தது. கழுத்தில் சிவப்புத் துணி. பள்ளிக்கூடம் விட்டு வந்த றஜனியின் மகள் நிருஜாவை அது சற்று முன்னர்தான் கையில் கடித்திருந்தது.

நிருஜா கிணற்றடிக் குழாயைத் திறந்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பத்து வயது. அழவில்லை.

"போதுமடி, தோல் உரியப்போகுது."

"கால் மணித்தியாலம் கழுவவேணும் அம்மா. பள்ளிக்கூடத்தில சொல்லித் தந்தவை. கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்கும் போகவேணும்."

"ஊசி போட்ட நாய்க்கு என்னத்துக்கு ஆஸ்பத்திரி? மஞ்சளைப் பூசினால் காய்ஞ்சிடும். எனக்கு அடுப்பில உலை கிடக்கு."

"ஊசி போட்ட நாய் எண்டாலும் டொக்டரிட்டைக் காட்டத்தான் வேணும்."

"வாயைப் பாரன்! வா வீட்டை, மஞ்சள் அரைப்பம்."

மயில்வாகனம் வீமனின் கழுத்துத் துணியைப் பார்த்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னர் சுகாதாரப் பகுதியினர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். விசர்நாய்க்கடி பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். இரண்டு நாள் அங்கேயே நின்று ஊர்நாய்களுக்கு ஊசியும் போட்டார்கள். போட்ட நாய்க்குச் சிவப்புப் பட்டி. மயில்வாகனம் நாயைக் கொடுக்கவில்லை. சும்மா தருகிறேன் என்று வருகிறவனை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. இன்றைக்கு ஊசி என்பான், நாளைக்கு நாயையே பிடித்துக்கொண்டு போவான். பட்டி இல்லாத நாயை வீடு தேடி வருவார்கள் என்று கேள்விப்பட்ட முதல்நாள் பின்னேரமே, செத்துப்போன தன் மனுசியின் சிவப்புச் சேலையில் ஒரு கரையைக் கிழித்து வீமனுக்குக் கட்டிவிட்டார். ஊரே நம்பியது.

அந்தப் பொய்யை நம்பித்தான் இப்போது றஜனி மஞ்சள் அரைக்கப் போகிறாள்.

இன்னொரு பயமும் இருந்தது. வீமன் கோழிக்குஞ்சைக்கூடக் கடித்ததில்லை. நிருஜாவோ ஒவ்வொரு நாளும் அதற்குச் சோறு வைக்கிற பிள்ளை. சோறு வைத்த கையையே கடித்திருக்கிறது. விசர் பிடித்தால்தான் நாய்க்கு ஆள் தெரியாமல் போகும்.

"றஜனி, மஞ்சளை விடு பிள்ளை." அவர் றஜனியை மறித்தார். "உந்தத் துணி நான் கட்டினது. நாய்க்கு ஊசி போடேல்லை."

"என்ன சொல்லுறியள்?"

"பயத்தில செய்தனான். என்னைப் பிறகு ஏசு. புளியங்கூடல் சந்தியில ஓட்டோ நிக்கும், கூட்டிக்கொண்டு வாறன். முதல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"அறுவானே! நரைச்ச வயசில உமக்கு உந்தப் புத்தியோ? என்ர ஒற்றைப் பிள்ளையெல்லோ!" றஜனி வேலியில் சாத்தியிருந்த, குழி தோண்டும் இரும்பு அலவாங்கைத் தூக்கினாள். "உந்த விசர் நாயை முதல் முடிக்கிறன்!"

மயில்வாகனம் தடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, அடியாதேங்கோ!" நிருஜா ஈரக்கையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள். "வீமனுக்கு ஊசி போட்டாச்சு!"

"அவரே போடேல்லை எண்டுறார்!"

"அவருக்குத் தெரியாது."

புத்தகப் பையின் அடியிலிருந்து ஒரு பட்டியை இழுத்தெடுத்து நீட்டினாள். சிவப்பு நைலோன். சுகாதாரப் பகுதியினர் கட்டுகிற அதே பட்டி.

"அது சேலைத்துணி எண்டு எனக்கும் என்னோட படிக்கிற றொஷானிக்கும் பாத்த உடனேயே விளங்கிட்டுது. அடுத்தநாள் அப்பு கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போன நேரமாப் பாத்து, கருவாட்டைக் காட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். அவை ஊசி போட்டுப் பட்டியும் கட்டினவை. அப்பு கண்டால் சன்னதம் ஆடுவார் எண்டுதான், பட்டியைக் கழட்டிப்போட்டுத் துணியைத் திருப்பிக் கட்டிவிட்டனாங்கள்."

அலவாங்கு றஜனியின் கையிலிருந்து விழுந்தது. மயில்வாகனம் அப்படியே மண்ணில் குந்தினார்.

"உலையை இறக்கிப்போட்டு வாறன்," றஜனி மூக்கைச் சீறினாள். "எதுக்கும் டொக்டரிட்டைக் காட்டுவம். இவருக்கு நான் வந்து நல்ல பேச்சுக் குடுக்கிறன்."

"குடு பிள்ளை, எவ்வளவெண்டாலும் குடு." கிழவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகுதான் யோசித்தார். "எடி கள்ளி, விசர் இல்லையெண்டால், சோறு வைக்கிற உன்னை ஏனடி கடிச்சவன்?"

நிருஜா வீமனைப் பார்த்தாள். அது வாலை ஆட்டியது.

"துணி கழண்டு தொங்கினது. இறுக்கிக் கட்டுவம் எண்டு கழுத்தில பிடிச்சனான். அண்டைக்கு ஊசிக்குக் கழுத்தை அமத்திப் பிடிச்சதும் நான்தானே அப்பு... திருப்பியும் ஊசி எண்டு நினைச்சிட்டான்!"