ஆமை மாஸ்டரின் கருப்பு பெல்ட் பாடம்

ஆமையார் கராத்தே பள்ளி நடத்தினார். வாழ்நாளில் ஒரு சண்டையும் போட்டதில்லை; ஆனால் மாதாமாதம் பெல்ட் நிறம் மாற்றிக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போதே ஒரு நாய் நுழைந்து உறுமியது. முயல்களும் அணில்களும் மாஸ்டரைப் பார்த்தன. மாஸ்டரோ தலையோடு கைகால் எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். நாய் அவரை மோந்து, புரட்டிப் பார்த்து, சலித்துப்போய்க் கிளம்பியது.

‘மானம் போச்சு, இன்றோடு கடையை மூட வேண்டியதுதான்’ என்று உள்ளேயே நொந்துகொண்டார். வெளியே ஒரே கைதட்டல்.

“மாஸ்டர், இந்த வித்தை எந்த பெல்ட்டுக்கு?” என்றது ஒரு முயல்.

வெட்கங்கெட்ட வாய் முந்திக்கொண்டது. “கருப்பு பெல்ட்டுக்கு.”

“எங்க முதுகுல ஓடு இல்லையே மாஸ்டர்?”

“அதுவும் யூனிஃபார்ம் மாதிரிதாம்மா. வெளியில வாங்கக் கூடாது, நம்மகிட்டதான் வாங்கணும்.”