மூடியில் ஒரு நிலா

முதலில் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிட்காயினை இன்று பேசிய விலைக்குப் பின்னொரு நாளில் விற்பதாக ஒப்புக்கொள்வது முன்பேரம். அது இரு வகைப்படும். ஒன்றில், அந்த நாள் வந்ததும் விற்றவர் காயினையே கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் பேசிய விலையை முழுதாகத் தருவார். மற்றொன்றில், காயின் அசைவதே இல்லை. பேசிய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் பணமாகக் கைமாறும். ஆகவே, காயினே இல்லாதவரும் இரண்டாவதில் இறங்கலாம்.

அடுத்தது: காயின் எந்தக் கணக்கில் கிடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம். அதை அசைப்பதற்குத்தான் சாவி வேண்டும். அந்தச் சாவி, சிகரெட் லைட்டர் அளவே உள்ள ஒரு கருவி.

ஹாங்காங்கில் ஷியுங் வான் பகுதியிலுள்ள தரகு அலுவலகத்தில், லாய்-குவான் இவ்வளவையும் விளக்கி முடித்தாள். எதிரே அமர்ந்திருந்தவர் ஸீத்தோ. ஃபெரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சன்னலுக்கு வெளியே துறைமுகம் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தது. அவர் பார்வையும் அதனோடு மிதந்துகொண்டிருந்தது.

"ஐயா, கேக்கறீங்களா?"

"கேக்கறேன், ஆ-குவான். வித்தியாசத்துக்கே போடு. இருக்கறதுலயே சின்னதா."

"பையன் கல்யாண விருந்துக்குக் காயினை எடுக்கணும்னுதானே வந்தீங்க? அதையே கொடுத்தா முழு விலையும் கைக்கு வரும். இதுல வெறும் வித்தியாசம்தான். விலை ஏறிட்டா நீங்கதான் கையை விட்டுக் கட்டணும்."

"காயின் பாட்டுக்குத் தூங்கட்டும்மா. கனவுல வருது தெரியுமா? கடலுக்கு அடியில நிலா மாதிரி கிடக்குது. நான் மேல சொந்தப் படகை நிறுத்திட்டு எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"கனவு விருந்து போடாது ஐயா."

"உன் நாக்குல கொஞ்சம் சர்க்கரை தடவிக்கக் கூடாதா?"

லாய்-குவானுக்கு எரிச்சலாக இருந்தது. மகனுடைய விருந்தைவிடத் திரையில் தெரியும் ஒரு காயின் இவருக்குப் பெரிதாகப் போயிற்றா?

"நல்லா யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலையில் வந்தவர் அவருடைய மனைவி யுக்-சிம்.

"காயினையே கொடுக்கற மாதிரி எதுலயாவது அவர் கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"இல்லைம்மா. நாந்தான் அதுல போடச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ஐயோ, வேண்டாம்! கொடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை." யுக்-சிம் நாற்காலியில் சரிந்தார். "சாவியை நிலா கேக் வந்த தகரப் பெட்டியில வச்சிருந்தார். புத்தாண்டுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணினேன். காலிப் பெட்டிங்க ஏழெட்டு கிடந்தது. எல்லாத்தையும் மூட்டை கட்டிப் போட்டேன். அதுவும் அதோட போயிடுச்சு."

"சாவி தொலைஞ்சாலும் கணக்கைத் திறக்கறதுக்குன்னு எழுதி வைக்கற சொற்கள்?"

"அந்தத் தாளும் அதுக்குள்ளதான்."

"அவர்கிட்ட சொல்லலையா?"

"எப்படிச் சொல்வேன்? பக்கத்து வீட்டுல கேட்டு அதே மாதிரிப் பெட்டி ஒண்ணை வாங்கி அதே இடத்துல வச்சுட்டேன். மூடியில அதே நிலாப் படம். தினமும் அதைத் தட்டிக் கொடுத்துட்டுத்தான் டீ குடிக்கவே கிளம்பறார். படகு ஒரு கனவு, காயின் ஒரு கனவு. அவருக்கு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணை நான் குப்பையில போட்டுட்டேன்னு என் வாயால சொல்லணுமா?"

லாய்-குவான் தண்ணீர் கொடுத்தாள்.

"விருந்துக்கு என் தங்கச்சிகிட்ட கடன் கேட்டுக்கறேன். நீ மட்டும் அவரை வித்தியாசக் கணக்குப் பக்கம் திருப்பி விட்டுடும்மா."

அன்று பிற்பகல் ஸீத்தோ வந்தார்.

"ஐயா, யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. வித்தியாசத்துக்கே போட்டுடலாம்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நேத்து அந்தக் குதி குதிச்சே?"

"மனசு மாறக் கூடாதா?"

"மாறலாம், மாறலாம்." சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

பின்னர் முடிவானவை இவை.

கணக்குத் தீர்க்கும் நாளில் விலை ஏறியிருந்தது. வித்தியாசத்தை ஸீத்தோ படகுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து கட்டினார். வீட்டில், கொள்ளை லாபம் என்று சொன்னார். மீதிப் பணத்தில் விருந்து குறைவின்றி நடந்தது. முழுப் பன்றிக்குட்டி வறுவல்கூட இருந்தது. யுக்-சிம் தங்கையிடம் கைநீட்ட நேரவில்லை. அவர் முள்ளங்கி கேக் செய்து எடுத்து வந்து, "நீ சொல்லித்தான் அவர் கேட்டார்" என்று லாய்-குவானிடம் கண் கலங்கினார். ஸீத்தோ படகு வாங்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாலே இப்போது தலை சுற்றுகிறது என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறார். காயின் இன்றும் அதே கணக்கில், எல்லாரும் பார்க்க, எவராலும் தொட முடியாமல் கிடக்கிறது.

இன்னும் ஒன்று உண்டு. வித்தியாசத்தைக் கட்ட வந்த நாளில் லாய்-குவான் கேட்டாள்: "இந்த நஷ்டம் உங்களுக்குத் தேவையா ஐயா?"

ஸீத்தோ குரலைத் தாழ்த்தினார்.

"விருந்துக்குக் காயினை எடுப்பேனோ எடுப்பேனோன்னு அவ தூங்கறதே இல்லைம்மா. அவகிட்ட சொல்லிடாதே. பழைய பெட்டி மூடியில, நிலா மேல ஒரு துருப் பொட்டு இருந்தது, இதுல இல்லை. புத்தாண்டன்னிக்கே பாத்துட்டேன்."