வரிசையில் முதல் பெயர்

அஷ்வினியின் வேலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையைக் காட்டும் கட்டளையை கணினியின் கருப்புத் திரையில் காலையிலிருந்து நாற்பதாவது முறையாகத் தட்டினாள் ஜோதிமணி. முதல் வரியில் அஷ்வினி பெயருக்கு எதிரே ‘ரன்னிங்’, கடைசி வரியில் தன் பெயருக்கு எதிரே ‘பெண்டிங்’. அவளுக்கு வயிறு எரிந்தது.

மைசூரில் அவர்கள் வேலை பார்த்த ஆய்வு மையத்தில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான பெரிய கணினி. யாருடைய கணக்கு முதலில் ஓடும் என்பதை ஒரு மென்பொருள்தான் முடிவு செய்யும். நிறைய ஓட்டியவரைப் பின்னுக்குத் தள்ளும், ஓட்டாதவரை முன்னால் விடும். போன மாதம் தப்பும் தவறுமாக ஓட்டி ஓட்டியே ஜோதிமணி தன் பங்கைக் கரைத்திருந்தாள். அவளுடைய கேழ்வரகு மரபணுக் கணக்கு மூன்று நாளாக வரிசையின் வாலில் கிடந்தது.

அதுதான் நியாயம் என்றார் கணினியைக் கவனிக்கும் உமேஷ். அவர் சொல்லத்தான் செய்வார். அஷ்வினி சிரித்துப் பேசினால் அவருக்குத் தலைகால் புரியாது என்பது ஜோதிமணியின் கட்சி.

இன்று மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. ஓராண்டு வேலை நீட்டிப்பு, ஒருவருக்குத்தான், அதுவும் முழு முடிவோடு அனுப்பினால்தான். இல்லையென்றால் ஜோதிமணி பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் ஊரான ஹனூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். மணி இரண்டரை ஆகிவிட்டது. அவள் கணக்கு முடிய இருபது மணி நேரம் வேண்டும்.

அஷ்வினிக்கு என்ன குறை? சொந்த ஊரே மைசூர். பெங்களூரு கம்பெனி ஒன்று கூப்பிட்டிருக்கிறது என்று கேன்டீனில் பேச்சு. அப்படியும் இதற்குப் போட்டிக்கு வருகிறாளே. இத்தனைக்கும், சேர்ந்த புதிதில் ஒரு கட்டளைகூடத் தட்டத் தெரியாமல் முழித்தவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் ஜோதிமணிதான்.

நேற்றுச் சாயங்காலம் அஷ்வினி வந்து நின்றாள். “அக்கா, உங்க ஃபோல்டரை நானும் படிக்கற மாதிரி திறந்து விடறீங்களா? ஒண்ணு பாக்கணும்.”

“என்னத்தப் பாக்கோணும்?”

“சும்மாதான்க்கா. நாளைக்குச் சொல்றேன்.”

முகத்துக்கு நேரே மறுக்க முடியாமல் ஜோதிமணி திறந்துவிட்டாள். நான் எங்கே சறுக்கினேன் என்று பார்த்து, அதை விட்டுத் தன் கணக்கைச் சரிசெய்யப் போகிறாள் என்று அப்போதே தோன்றியது. நினைத்தது போலவே இரவு ஏழரைக்கு அஷ்வினியின் வேலை வரிசையில் ஏறி, உடனே ஓடவும் தொடங்கியது. இருபது மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தாள். பத்தொன்பது ஓடிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் முடிவு அவள் கையில்.

உமேஷ் இன்று குண்டலுபேட்டையில், மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் இருந்தார். கிளம்பும்போது, மூத்தவள் என்று ஜோதிமணியை நம்பி, யார் வேலையையும் நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்துப் போயிருந்தார். சிக்கிக்கொண்டு நிற்கும் வேலையை மட்டும்தான் நிறுத்த வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

தன் கணக்கை முன்னால் தள்ள இனி நேரமில்லை. ஆனால் அவளுடையதை நிறுத்த ஒரு நொடி போதும். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். எனக்குக் கிடைக்காதது அவளுக்கும் வேண்டாம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்கு வெட்கம் வரவில்லை.

வேலையை நிறுத்தும் ‘எஸ்கேன்சல்’ கட்டளையைத் தட்டி, அஷ்வினியின் வேலை எண்ணைப் போட்டு, என்டரை அழுத்தினாள். நிச்சயம்தானா என்றுகூட அந்தத் திரை கேட்கவில்லை. வரிசையை மறுபடி பார்த்தபோது முதல் வரியில் வேறு யார் பெயரோ இருந்தது.

ஐந்து நிமிடம் மனசு குளுகுளுவென்று இருந்தது. அதற்குள் அஷ்வினி போனும் கையுமாக ஓடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, வேலை நின்னுபோச்சுன்னு மெயில் வந்திருக்கு. ஒரே ஒரு மணி நேரம்தான் பாக்கி இருந்துச்சு.”

ஜோதிமணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெஷின் கோளாறாக இருக்கும், மனசை விடாதே, அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம் என்றாள். குரலில் வருத்தம் சரியான அளவில் வந்ததில் அவளுக்கே திருப்தி.

அஷ்வினி இல்லை என்று தலையை ஆட்டினாள். பெங்களூருக்கு வருவதாகப் போன வாரமே எழுதிக்கொடுத்துவிட்டதாகவும், இந்த நீட்டிப்புக்கு விண்ணப்பமே போடவில்லை என்றும் சொன்னாள்.

ஜோதிமணி இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். “அப்புறம் ராத்திரியெல்லாம் எதை ஓட்டிக்கிட்டு இருந்தே?”

அஷ்வினிக்குக் கண் நிறைந்துவிட்டது. “என் பங்கு சும்மாதானே கிடந்துச்சு. சொன்னா வேண்டாம்பீங்கன்னு சொல்லலை.”

“எதைன்னு கேட்டேன்.”

“உங்க கேழ்வரகுக் கணக்கைத்தான்க்கா.”