வந்து சேர்ந்த நேரம்

மாலை ஆறு மணிக்கு அம்மா போன் செய்தாள்.

"வீட்டை விக்கிறேன்டா. நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பத்திரப் பதிவு. நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் உன் பங்கு."

"என்னம்மா, திடுதிப்புனு! இரு, நான் கிளம்பிட்டேன்."

"எட்டாயிரம் கிலோமீட்டராச்சே! மூணு விமானம் மாறி வர ரெண்டு நாளாகும்னு சொல்வியே?"

"நேரா வர்ற விமானம் இருக்கும்மா. பத்தே மணி நேரம்!"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மகன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் நேரக் காப்பாளராக இருந்த அம்மா, பழக்கம் விடாமல், கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"வாங்குறவங்க எங்கேம்மா?"

"யாரும் வாங்கலை. நான் விக்கவும் இல்லை."

"அப்புறம் எதுக்கு என்னை இந்த ஓட்டம் ஓட வச்சே?"

அம்மா நோட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

'வீட்டு விஷயம் மகனுக்குச் சொன்னது மாலை 6.00. வந்தது காலை 9.00.'

அதற்கு மேல் வரியில் போன வருடத் தேதி இருந்தது.

'அவருக்கு முடியவில்லை என்று மகனுக்குச் சொன்னது காலை 7.00. உயிர் பிரிந்தது மறுநாள் மாலை 4.00. மகன் வந்தது' என்று எழுதி, நேரத்துக்கான இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

மகன் தலை குனிந்தான்.

"முப்பத்து மூணு மணி நேரம் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார்டா உங்கப்பா. நிஜமா எவ்வளவு நேரமாகும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டேன்."

அம்மா மறுபடி பேனாவைத் திறந்தாள்.

"கிளம்பு. போற நேரத்தையும் எழுதிக்கிறேன்."