இடப்பக்கச் சுற்று

ட்ரேயின் மூடியைத் திறந்த மணிவண்ணன் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

உப்பளத்து ரோட்டோரக் குழி. மழைத் தண்ணீர் கேபிள் ஜாயின்ட்டுக்குள் இறங்கி, மரக்காணத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் லைன் விட்டுவிட்டுச் செத்துக்கொண்டிருந்தது. அதைச் சரி பண்ணத்தான் வந்திருந்தான்.

கண்ணாடி இழைகளை ஒட்டுகிற யாரும் அளவாக விடமாட்டார்கள். நாளைக்குப் பழுதானால் இன்னொருத்தன் வெட்டி ஒட்டுவதற்கு மிச்சம் வேண்டுமே! அந்த மிச்சத்தைச் சுற்றிவைக்கத்தான் ட்ரே.

அவனுக்குத் தெரிந்து எல்லோரும் வலப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். இதில் இடப்பக்கமாகச் சுற்றி, கடைசியில் ஓர் எட்டு போட்டு மடக்கியிருந்தது.

இப்படிச் சுற்றுகிறவன் ஒரே ஒருத்தன்தான். மணிவண்ணனின் தம்பி கலியமூர்த்தி. இடக்கைக்காரன். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த நாளெல்லாம் மணிவண்ணன் திட்டித் திட்டி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்தக் கழுதை கேட்டால்தானே!

போன மார்கழியில், கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, குப்பத்துக்கு மீன் வாங்கப் போனவன் அவன். சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

இந்தக் கேபிளோ ஆடி மாதத்தில் புதைத்தது. வேறு ஏதோ கான்ட்ராக்டரின் ஆட்கள் வந்து போட்டது.

மார்கழிக்குப் பிறகுதான் ஆடி. எப்படித் திருப்பித் திருப்பி யோசித்தாலும் அப்படித்தான் வந்தது.

"அடப்பாவி, உயிரோடதான் இருக்கியாடா!" என்று குழிக்குள்ளிருந்தே கத்தினான். சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆளைப் பார்த்தால் செவுளில் ஒன்று விட வேண்டும் என்றும் வந்தது.

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நாளைக்கு அவனுக்குக் காரியம்.

உடம்பைக் கண்ணால் பார்க்காமல் ஒன்றும் செய்யவிடமாட்டேன் என்று இத்தனை நாள் மல்லுக்கட்டிய அம்மாவே இப்போது இறங்கிவந்துவிட்டாள். விடிந்தால் கலியமூர்த்தியின் மனைவி பொன்னிக்குத் தாலியைக் கழற்றிவிடுவார்கள்.

நல்லவேளை, தெய்வம்தான் இன்றைக்கே இந்த மூடியைத் திறக்க வைத்தது என்று நினைத்துக்கொண்டான்.

திண்டிவனம் பஸ் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. காரியத்துக்கு மளிகை வாங்கிக்கொண்டு வந்த பொன்னி, ரோட்டோரத்தில் அவன் வேனைப் பார்த்துவிட்டு அங்கேயே இறங்கிவந்தாள்.

"மாமா, நாளைக்கும் வேலைன்னு கிளம்பிடாதீங்க" என்றாள்.

"பொன்னி, ஓடியா, இதப் பாரு! நம்ம கலியன் கைவேலை இது. உசுரோட இருக்கான்மா. நாளைக்கு ஒண்ணும் வேணாம், எல்லாத்தையும் நிறுத்து. இப்பவே போய்த் தேடி இழுத்துக்கினு வர்றேன்."

அவள் குனிந்து அந்தச் சுற்றைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. கையிலிருந்த பையைக் கீழேகூட வைக்கவில்லை.

"தெரியும் மாமா. ஆடியில இதே குழியில உக்காந்திருந்தாரு. நான் பஸ்ஸுல போறேன், ரோடு வேலைன்னு பஸ்ஸ நிறுத்திட்டாங்க. நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு."

"பார்த்துட்டு?"

"தலையைக் குனிஞ்சிக்கினாரு."

ஆடியிலிருந்துதான் பொன்னி காரியத்தைச் செய்துவிடலாம் என்று அம்மாவின் காலைப் பிடித்துக் கெஞ்ச ஆரம்பித்தாள். பாவம், துக்கத்தைத் தாங்க முடியாமல் பேசுகிறாள் என்று வீடே நினைத்தது. மணிவண்ணனும்தான் நினைத்தான்.

உப்புப் பாத்திகளில் மழைத் தண்ணீர் தளும்பி நின்றது. பொன்னி பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அவரு போனவராவே இருக்கட்டும். அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா. அவங்க மறுபடியும் காத்திருக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றாள்.