பன்னிரண்டு வீடியோ, பன்னிரண்டு தப்பு

“பன்னிரண்டு வீடியோ, பன்னிரண்டு தப்பு. என்ன டீச்சர் இது?”

தலைமையாசிரியை செல்போனை மேசைமேல் வைத்தார். பாடத்தை வீடியோ எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. அலைந்து திரிந்து ஸ்டாண்டும் மைக்கும் வாங்கியதும் அவர்தான். அந்தப் பெருமையில் கணக்கு டீச்சர் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார்.

வீடியோவில் டீச்சர், ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று போர்டில் எழுதுகிறார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல்: “டீச்சர்... ஐம்பத்தாறு.”

டீச்சர் அழித்துவிட்டுத் திருத்துகிறார்.

“பெத்தவங்க சிரிக்கிறாங்க. அந்த இடத்தையாவது வெட்டிட்டு அனுப்பக் கூடாதா?”

“வெட்ட மனசு வரலை மேடம்.”

“அப்போ அடுத்த வாரத்திலேருந்து உங்க வகுப்பை வேற ஆள் பார்க்கட்டும்.”

டீச்சரின் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லாரி டிரைவர். இன்னொரு புகார் என்று தலைமையாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மேடம், ஐம்பத்தாறுன்னு சொன்னது என் பொண்ணுங்க. வீட்டைத் தாண்டினா வாயே திறக்க மாட்டா. ரெண்டு வருஷமா வகுப்புல ஒரு வார்த்தை பேசினதில்லை. இந்த வீடியோவை ஷெட்டுல அத்தனை பேருக்கும் போட்டுக் காட்டிட்டேன். டீச்சரையே திருத்துறா பாருங்கடான்னு.”

சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

“இந்த டீச்சரை மாத்தணும்னு குரூப்புல பேசிக்கிறாங்க. அவங்களுக்குக் கணக்கு வராட்டியும் பரவாயில்லை மேடம், அவங்களே இருக்கட்டும்.”

கும்பிட்டுவிட்டுப் போனார். டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலைமையாசிரியைக்கு இப்போதுதான் பொறி தட்டியது. “டீச்சர், உண்மையைச் சொல்லுங்க.”

டீச்சர் பாடக்குறிப்பு நோட்டை நீட்டினார்.

‘செவ்வாய்: ஏழெட்டில் தப்பு. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு எட்டாம் வாய்ப்பாடு தண்ணீர் பட்ட பாடு. அவள் பேசும்வரை காத்திருக்க வேண்டும்.’

‘புதன்: கழித்தலில் தப்பு. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு.’

இப்படிப் பன்னிரண்டு தப்பு. வாய் திறக்காத பன்னிரண்டு பிள்ளைகள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” தலைமையாசிரியை நோட்டைப் பிடித்தபடியே கேட்டார்.

டீச்சர் தயங்கித் தயங்கிப் பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார்.

‘படித்துப் பார்த்தேன்’ என்று எழுதி, வாரம் தவறாமல் தலைமையாசிரியை போட்டிருந்த கையெழுத்து.