அம்மாமார் போர்வை

புங்குடுதீவுச் சனசமூக நிலையத்தில் ஒட்டுப்போர்வைக் கண்காட்சி. தானும் துண்டு பொருத்தித் தைக்கிறவள் என்று தவமலர் சொன்னதும், கனடாவிலிருந்து வந்திருந்த இந்துஜா சந்தோசமாக அவள் கையைப் பிடித்து நடுச்சுவருக்குக் கூட்டிப்போனாள்.

"இதுதான் அன்ரி என்ர பெரிய வேலை. அம்மாமார் போர்வை. தொட்டுப் பாருங்கோ."

தவமலர் தடவிப் பார்த்தாள். நல்ல தையல்தான்.

"முழுக்கச் சீலையோ பிள்ளை?"

"ஓம். ரொறன்ரோவில எங்கட ஆக்கள் தந்தது. எல்லாம் செத்துப்போன அம்மாமாரின்ர சீலையள்."

சூடு பட்டதுபோல் கையை இழுத்தாள் தவமலர்.

"செத்தவையின்ர சீலையை வெட்டிச் சுவரில தொங்கவிடுறதோ? சீ, வீட்டை போய் முழுகோணும்."

"அங்க அப்பிடிப் பாக்கிறேல்லை அன்ரி. ஒரு ஞாபகம்தானே."

முகத்தைச் சுளித்துத் திரும்பியவள், ஓரத்துப் பச்சைத் துண்டைக் கண்டு நின்றுவிட்டாள். நெருப்புப்பொறி பட்ட ஓட்டையின்மேல் நீல நூலில் மீன்முள் தையல்.

"இது ஆர் தந்தது?"

"கஜேந்திரன் அண்ணை. தாய் செத்து ரண்டு வருசமாம். தரேக்க அழுதவர்."

பேரனைக் கிடத்த என்று மகன் அவளிடம் கேட்டு வாங்கிப்போன சேலை. அவன் ரெலிபோன் எடுக்காமல் விட்டும் இரண்டு வருசந்தான்.

"அந்த அம்மாவைத் தெரியுமோ அன்ரி?"

தவமலர் பச்சைத் துண்டில் விரலை வைத்தாள். தன் கைத்தையல் இன்னும் பிரியவில்லை.

"தெரியும். பிள்ளையள் இல்லாத மனுசி."